டார்ச் மாட்யூல் பொருந்தவில்லை, உங்கள் ஆள் பேச்சைக் கேட்டு அது கருகியும் போனது: மாற்றிக் கொடுங்கள் அல்லது பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்

வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் ஐந்தாவது மின்னஞ்சல். முதல் நான்குக்கும் 'உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது' என்ற ஒரே பதில்தான் வந்தது, அதற்கு மேல் ஒரு வரி இல்லை. போன் செய்து செய்து அலுத்துவிட்டது. இதையாவது தயவுசெய்து ஒருவர் உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள்.

ஜூன் மாதம் உங்கள் 899 ரூபாய் டார்ச்சையும், தனியாக 449 ரூபாய்க்கு விற்கும் மஞ்சள் ஒளி மாட்யூலையும் (எல்இடி பொருத்திய, கழற்றி மாட்டும் பாகம்) வாங்கினேன். எந்த மாடல் என்று உங்களுக்கே தெரியும், தலையைத் திருகிக் கழற்றினால் பி60 என்ற பொது அளவு மாட்யூல் கையோடு வந்துவிடும் அதே டார்ச்தான். எல்இடி போனால் டார்ச்சைத் தூக்கிப் போட வேண்டாம், மாட்யூலை மட்டும் மாற்றினால் போதும் என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறீர்கள். நான் வாங்கியதே அதை நம்பித்தான். எங்கள் பக்கம் மும்முனை கரன்ட் பல நாள் ராத்திரியில்தான் வரும், மோட்டார் போட வரப்பில் நடந்து போக வேண்டும், கட்டுவிரியன் திரிவதும் அதே நேரத்தில்தான். வெள்ளை வெளிச்சத்தில் தரை முழுக்க ஒரே வெளுப்பாக இருக்கிறது. மஞ்சள் வெளிச்சம் என்றால் மண்ணும் சருகும் நிறம் பிரிந்து தெரியும், அதற்காகத்தான் கூடுதலாக 449 கொடுத்தேன்.

அந்த மாட்யூல் டார்ச்சில் சரியாக உட்காரவே இல்லை. விட்டம் சரிதான், வெர்னியர் வைத்து அளந்தேன், 26.5 மில்லிமீட்டர். ஆனால் டார்ச்சோடு வந்த மாட்யூலைவிட இது உயரம் குறைவு. தலையைக் கடைசி மரை வரை திருகினாலும் வெளிப்பக்கத்துப் பெரிய ஸ்பிரிங், டார்ச் குழாயின் விளிம்பை எட்டவில்லை. செல்லின் நெகட்டிவ் இணைப்பு அந்த ஸ்பிரிங் வழியாகத்தான் போக வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டினால் எரிகிறது, நாலு எட்டு வைத்தால் அணைகிறது. மாட்யூல் உள்ளே லொடலொட என்று ஆடுகிறது, சுற்றிலும் காற்று, அதனால் எல்இடியின் சூடு டார்ச் உடம்புக்கு இறங்க வழி இல்லாமல் பத்து நிமிடத்தில் வெளிச்சமும் மங்கிவிடுகிறது. சமையலறை அலுமினியத் தாளை மூன்று சுற்று சுற்றி மாட்டிப் பார்த்தேன், நின்று எரிந்தது. அப்படியென்றால் எல்இடியில் குறை இல்லை, உங்கள் அளவில்தான் குறை. இதைச் சொன்னதற்குக் கிடைத்த பதில், "ஃபாயில் சுத்தினா வாரன்டி போச்சு சார்."

அதற்குப் பின்னால் நடந்ததையும் கேளுங்கள். அடுத்த முறை உங்கள் உதவி எண்ணில் பேசிய ஆள், டார்ச்சில் போடும் ஒரு நீளமான 18650 சார்ஜ் செல்லுக்குப் பதிலாகச் சின்ன 16340 செல் இரண்டைப் போடுங்கள், அழுத்தம் அதிகமாகி ஸ்பிரிங் தொட்டுவிடும் என்றார். மாட்யூல் அடியிலேயே 3.0 முதல் 4.2 வோல்ட் என்று போட்டிருக்கிறதே, இரண்டு செல் முழு சார்ஜில் 8.4 வோல்ட் வருமே என்று கேட்டேன். இரண்டு முறை கேட்டேன். "எங்க பொருளைப் பத்தி எங்களுக்குத் தெரியாதா, நான் சொல்றேன் போடுங்க" என்றார். கம்பெனி ஆளே சொல்கிறாரே என்று 380 ரூபாய்க்குச் செல் வாங்கிப் போட்டேன். பளிச்சென்று ஒரு கணம் எரிந்தது, அப்புறம் கருகல் வாடை, அவ்வளவுதான்.

திரும்ப போன் செய்தால் அதே குரல், "ரெண்டு செல் போடச் சொல்லி நாங்க சொல்லவே மாட்டோம், ஒரு டார்ச்சுக்குப் போய் இவ்வளவு பேசுறீங்களே, வேற வேலை இல்லையா?" என்று கேட்டுவிட்டு லைனை வெட்டினார். என் வயது ஐம்பத்தி நாலு. கடைக்கு வந்தவரிடம் எங்கள் ஊரில் யாரும் இப்படிப் பேசமாட்டார்கள். அந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று நீங்களேதானே தொடக்கத்தில் சொல்கிறீர்கள், எடுத்துக் கேளுங்கள். தேதியும் நேரமும் கீழே இணைத்த படத்தில் இருக்கின்றன.

கோவை சர்வீஸ் சென்டருக்கு நேரில் போகச் சொன்னதும் நீங்கள்தான். ஒட்டன்சத்திரத்தில் விடிகாலை பஸ் ஏறி, பழனி, உடுமலை, பொள்ளாச்சி என்று போய் உக்கடத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து காந்திபுரம் போனால், அங்கே இருப்பது மிக்சி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை. டார்ச் எல்லாம் இங்கே எடுப்பதில்லை, அந்த ஒப்பந்தம் எப்போதோ முடிந்துவிட்டது என்று அந்த அண்ணன் பாவம் தண்ணீர் கொடுத்து அனுப்பினார். அவரைக் குறை சொல்லமாட்டேன். உங்கள் இணையதளத்தில் அந்த முகவரி இன்னமும் இருக்கிறது, இன்று காலையில்கூடப் பார்த்தேன். ஒரு நாள் கூலி போச்சு, வீடு வந்து சேர ராத்திரி பத்து மணி.

அந்த வாரமே கிணற்று மேட்டில் வெள்ளை வெளிச்சத்தின் வெளுப்பில் குழாயில் தண்ணீர் விழுகிறதா என்று சரியாகத் தெரியாமல் போய், மோட்டார் வறட்டோட்டம் ஓடி காயில் எரிந்தது. ரீவைண்டிங் 6,500 ரூபாய். பூவில் இருந்த தக்காளி தண்ணீர் இல்லாமல் வாடியது. எல்லாம் சேர்த்து எனக்கு 50,000 ரூபாய்க்குக் குறையாமல் நஷ்டம், இந்த வருட வெள்ளாமையே உங்கள் ஒரு மாட்யூலால் போனது என்றுதான் சொல்லுவேன்.

சரி, கோபத்தில் ஏதாவது கூடச் சொல்லியிருந்தால் மன்னியுங்கள். உங்கள் டார்ச் மோசம் என்று சொல்லவில்லை, முதலில் வந்த வெள்ளை மாட்யூல் நன்றாகத்தான் எரிகிறது. குறைந்த விலையில் கழற்றி மாட்டும் வசதி கொடுப்பது நல்ல விஷயம், அதனால்தான் இவ்வளவு மெனக்கெடுகிறேன். நான் கேட்பது, சரியான உயரத்தில் ஒரு மஞ்சள் மாட்யூல், வீணான செல்லுக்கும் பஸ்ஸுக்கும் ஆன பணம், அந்த ஆள் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்க வேண்டும். மாட்யூல் இல்லை என்றால் 1,348 ரூபாயையும் திருப்பிக் கொடுங்கள்.

2020ஆம் ஆண்டின் மின்வணிக (இணைய விற்பனை) விதிப்படி புகார் வந்த 48 மணி நேரத்தில் அது கிடைத்ததாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். எனக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது. இன்றிலிருந்து பதினைந்து நாள் பார்ப்பேன். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைப்பேன், அதிலும் நடக்காவிட்டால் நுகர்வோர் ஆணையம்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. நீங்கள்தான் திண்டுக்கல்லுக்கு வர வேண்டியிருக்கும்.

கருகிய மாட்யூல், டார்ச், பில் எல்லாம் பெட்டியோடு பத்திரமாக இருக்கின்றன. கூரியர் ஆளை நீங்களே அனுப்புங்கள், கோவைக்கு இன்னொரு முறை வரமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ஒட்டன்சத்திரம்