பங்கு அமைதி – ஒப்புரவுக் குழு: 2025ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, அருட்சகோதரிகளே, பங்குப்பேரவை உறுப்பினர்களே, அன்பியப் (பகுதிவாரிக் குடும்பக் குழு) பொறுப்பாளர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2025 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான அறிக்கையைக் குழுவின் சார்பில் வாசிக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே தாக்கல் செய்வார். ஜனவரி முதல் நாள் செபவழிபாடும் தவக்காலச் சிலுவைப்பாதையும் வழக்கம்போல் நடந்தன. எனவே படிப்பு வட்டம், சமரசப் பணி ஆகிய இரண்டை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

உலக அமைதி நாளை 1968இல் திருத்தந்தை ஆறாம் பவுல் தொடங்கினார். அதன் 58ஆவது செய்தியாக 2025க்குத் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதியது கடன் மன்னிப்பைப் பற்றியது. அதில் மூன்று கோரிக்கைகளை வைத்தார்: ஏழை நாடுகளின் கடனைக் குறையுங்கள், முடிந்தால் தள்ளுபடி செய்யுங்கள்; மரண தண்டனையை ஒழியுங்கள்; ஆயுதச் செலவில் ஒரு பங்கையாவது பசியை ஒழிக்கும் நிதிக்குக் கொடுங்கள். இந்த மூன்றையும் வைத்தே ஆண்டுப் பாடத்தை வகுத்தோம். ஏப்ரல் 21 அன்று அவர் இறைவனடி சேர்ந்ததால், அவர் எழுதிய கடைசி அமைதி நாள் செய்தியும் அதுவே ஆயிற்று.

ஏப்ரல் 22இல் காஷ்மீரின் பகல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். மே மாதம் இந்தியா – பாகிஸ்தான் எல்லையில் மோதல் மூண்டது. படிப்பு வட்டத்துக்கு வந்தவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "திருச்சபை போரை ஒத்துக்கொள்கிறதா, இல்லையா?" ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாத கேள்வி இது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், எண் 2309, நான்கு நிபந்தனைகளைத் தருகிறது. எதிரி விளைவிக்கும் தீங்கு நீடித்ததாகவும் கடுமையானதாகவும் ஐயத்துக்கு இடமில்லாததாகவும் இருக்க வேண்டும். மற்ற வழிகள் எல்லாம் பலன் தராதவை என்று தெரிந்திருக்க வேண்டும். வெற்றிக்கு உண்மையான வாய்ப்பு இருக்க வேண்டும். நீக்க நினைக்கும் கேட்டைவிடப் பெரிய கேட்டைப் போர் கொண்டுவரக் கூடாது. நான்கும் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும். மூன்று பொருந்தினால் போதாது. பொருந்துகிறதா என்று தீர்மானிக்கும் பொறுப்பு பொதுநலனுக்குப் பொறுப்பேற்றவர்களுடையது.

பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதல் நிபந்தனையோடு நின்றுவிடுகிறார்கள். "அவன் அடித்தான், நாமும் அடிக்கலாம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நான்காவதை யாரும் எடுப்பதில்லை. இன்றைய ஆயுதங்களின் அழிவுச் சக்தியைப் பார்த்தால் அந்த நான்காவதுதான் மிகக் கனமானது என்று மறைக்கல்வி நூலே சொல்கிறது. 2020 அக்டோபரில் வெளிவந்த சுற்றுமடலில் (எண் 258) திருத்தந்தை பிரான்சிஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். 'நியாயமான போர்' என்று பேச முந்தைய நூற்றாண்டுகளில் வகுத்த அளவுகோல்களை இன்று எடுத்தாளுவது மிகக் கடினம் என்றார். புனித அகுஸ்தினாரும் தாமஸ் அக்குவினாசும் எழுதிய காலத்தில் அணுகுண்டு இல்லை. அக்குவினாஸ் கேட்டவை மூன்று: போரை அறிவிக்க உரிய அதிகாரம், நியாயமான காரணம், நேர்மையான நோக்கம். இவற்றோடு இன்றைய நான்கையும் ஒரே கரும்பலகையில் அருகருகே எழுதிப் பேசினோம். வெறுப்பினால் தொடங்கும் போருக்குக் காரணம் சரியாக இருந்தாலும் நோக்கம் கெட்டுவிடுகிறது என்பது அப்போது தெளிவாயிற்று.

போர் தொடங்கிவிட்டால் அறநெறி ஓய்வெடுப்பதில்லை. போரில் ஈடுபடாதவர்கள், காயம்பட்ட வீரர்கள், கைதிகள் ஆகியோரை மனிதத்தன்மையோடு நடத்த வேண்டும் (மறைக்கல்வி நூல், எண் 2313). நகரங்களைப் பாகுபாடில்லாமல் அழிப்பது கடவுளுக்கும் மனிதருக்கும் எதிரான குற்றம் என்று 1965 டிசம்பர் 7இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. இந்த வகுப்புக்கு வளசரவாக்கம் பக்கம் வாழும் ஈழத்துக் குடும்பங்களையும் அழைத்திருந்தோம். யாழ்ப்பாணத்தில் நவாலி புனித பேதுரு ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மீது 1995 ஜூலை 9இல் விமானத்திலிருந்து குண்டு விழுந்ததை அவர்கள் முன்னிலையில் பேசும்போது, எண் 2313 வெறும் எண்ணாக இருக்கவில்லை.

பரங்கிமலைப் பக்கத்திலிருந்து ராணுவக் குடும்பங்களும் வந்திருந்தன. புனித தோமா ஈட்டியால் குத்துண்டு உயிர்விட்ட இடம் என்று மரபு சொல்லும் மலையின் அருகில்தான் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி இருக்கிறது. "அப்படியானால் என் மகன் பாவம் செய்கிறானா?" என்று கேட்ட தாய்க்குக் கொடுத்த பதில் இது: கடமையை நேர்மையாகச் செய்யும் வீரர் பொதுநலனுக்கும் அமைதிக்கும் உதவுகிறார் (எண் 2310). அதே சமயம், மனச்சாட்சி காரணமாக ஆயுதம் எடுக்க மறுப்பவருக்கு அரசு வேறு வகைச் சேவைக்கு வழி செய்ய வேண்டும் (எண் 2311). குற்றமற்றவர்களைக் கொல்லச் சொல்லும் கட்டளைக்குக் கீழ்ப்படியக் கூடாது. மே 11இல் திருத்தந்தை பதினான்காம் லியோ இந்தியா – பாகிஸ்தான் போர்நிறுத்தத்தை வரவேற்றுப் பேசியதை மறு ஞாயிறு அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம்.

இனி மன்னிப்பு. குழுவுக்கு ஆண்டு முழுதும் வேலை கொடுத்தது இதுதான். "மன்னித்துவிட்டால் வழக்கை வாபஸ் வாங்க வேண்டும், நடந்ததை மறக்க வேண்டும், பழையபடி பழக வேண்டும்" என்று நம் மக்களில் பலர் நினைக்கிறார்கள். சில மூத்தவர்கள் அப்படியே புத்திமதியும் சொல்கிறார்கள். திருச்சபை இப்படிக் கற்பிக்கவில்லை. பட்ட காயத்தை உணராதிருப்பதும் மறந்துவிடுவதும் நம் கையில் இல்லை. தன்னைத் தூய ஆவியிடம் ஒப்படைக்கும் இதயம் அந்தக் காயத்தை இரக்கமாக மாற்றுகிறது என்கிறது மறைக்கல்வி நூல், எண் 2843. மன்னிப்பது நம் உரிமைகளை விட்டுக்கொடுப்பதல்ல என்று 2020 சுற்றுமடலும் (எண் 241) தெளிவுபடுத்துகிறது.

1981 மே 13இல் தன்னைச் சுட்டவனைத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் நான்கே நாளில், மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே மன்னித்தார். 1983 டிசம்பரில் சிறைக்குப் போய்ப் பார்த்தார். அந்த மனிதர் இத்தாலியச் சிறையிலிருந்து 2000வரை வெளிவரவில்லை. இலங்கையில் 2019 ஈஸ்டர் அன்று குண்டுவைத்தவர்களை மன்னித்துவிட்டோம் என்று கர்தினால் மால்கம் ரஞ்சித் அறிவித்தார். விசாரணை வேண்டும் என்று தொடர்ந்து குரல் கொடுத்ததும் அவரே. 2023 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் அதிபரை 10 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. மத்தியப் பிரதேசத்தில் 1995 பிப்ரவரி 25இல் ஓடும் பேருந்தில் கொல்லப்பட்ட அருளாளர் ராணி மரியாவின் தங்கை, கொன்றவரைச் சிறையில் சந்தித்து ராக்கி கட்டினார். மன்னிப்பும் நீதியும் ஒன்றையொன்று தள்ளிவிடவில்லை என்பதை இந்த மூன்றும் காட்டுகின்றன.

சமரசப் பணியைப் பொறுத்தவரை, வந்தவை பெரும்பாலும் பாகப்பிரிவினை, கைமாற்று, சீட்டுப் பணம், தண்ணீர் லாரி வரிசைச் சண்டை, பொதுச்சுவர், திருவிழாக் கமிட்டி மனத்தாங்கல். நாம் பின்பற்றும் முறை மத்தேயு 18:15–17: முதலில் தனியே, பிறகு ஓரிருவரோடு, அதற்குப் பிறகே சபை. நேராகச் சபைக்குக் கொண்டுவந்தால் இரு பக்கமும் ஆள் சேர்ந்து, பின்வாங்க முடியாத கௌரவப் பிரச்சினையாகிவிடும். எனவே முதல் சந்திப்பு இரு தரப்போடும் தனித்தனியே. ஒரு தாளில் மூன்று கட்டம் போடுகிறோம்: என்ன நடந்தது, என்ன இழப்பு, என்ன கிடைத்தால் போதும். மூன்றாவது கட்டத்தை அவரவர் கையாலேயே எழுதச் சொல்கிறோம். "அவன் திருந்தணும்" என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்; செய்யக்கூடிய ஒரு காரியமாக எழுத வேண்டும்.

பங்குத்தந்தை நடுவராக உட்காருவதில்லை. ஒரு தரப்பு அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கலாம். அங்கே கேட்டதைக் காட்டிக்கொடுப்பதும், அந்த மனிதருக்குப் பாதகமாகப் பயன்படுத்துவதும் திருச்சபைச் சட்டம் 983, 984 தடுத்தவை. அவருக்கு அந்தச் சங்கடமே வரக் கூடாது.

பணத் தகராறில் இரண்டு விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. ஒன்று, பாவமன்னிப்புப் பெற்றதால் கடன் தீராது. திருடியதைத் திருப்பிக் கொடுப்பது, கெடுத்த பெயரைச் சரிசெய்வது போன்ற பரிகாரம் நம் கடமை (மறைக்கல்வி நூல், எண் 1459). மற்றது, புரோநோட்டுக்கு (கடன் உறுதிச் சீட்டு) வழக்குப் போடக் காலவரம்பு மூன்று ஆண்டு. "சமரசம் பேசுகிறோமே" என்று காத்திருந்து வரம்பு தாண்டினால், கொடுத்தவர் நீதிமன்றம் போகும் வழியே அடைபட்டுவிடும். அதனால் பேச்சு தொடங்கும்போதே, வரம்பு முடியும் முன், கடனை ஒப்புக்கொண்டு தேதியோடு கையெழுத்துப் போட்ட கடிதம் வாங்கச் சொல்கிறோம். அந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும். தவணை கட்டும்போதெல்லாம் ரசீது. நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கில் உடன்பாடு வந்தால் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) பதியச் சொல்கிறோம். அங்கே தரும் தீர்வுக்கு மேல்முறையீடு இல்லை என்பதால், கையெழுத்திடும் முன் இரு தரப்பும் நிதானமாகப் படிக்க வேண்டும். இலவசச் சட்ட உதவிக்கு 15100.

சில விவகாரங்களை நாம் தொடவே மாட்டோம். வீட்டில் அடி உதை என்றால் கணவன் மனைவியைச் சேர்த்து உட்காரவைப்பது ஆபத்து. அங்கே சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் அன்றிரவே அடி விழும். அடிபடும் பெண்ணுக்குப் பெண்கள் உதவி எண் 181ஐக் கொடுத்து, பாதுகாப்பான இடம் பார்ப்பதுதான் வேலை. குழந்தைக்குப் பாலியல் கொடுமை என்று தெரிந்தால் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை. போக்சோ சட்டம், 2012, பிரிவு 19 காவல்துறைக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்குகிறது. குடும்ப மானம், பங்கின் பெயர் என்று யார் சொன்னாலும் மறைக்கக் கூடாது. இந்தத் தீர்மானம் செயற்குழுவில் ஒருமனதாக நிறைவேறியது. அன்பியப் பொறுப்பாளர்கள் இதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

2026க்கு மூன்று பரிந்துரைகள். பதினான்காம் லியோவின் அமைதி நாள் செய்தியை ஆண்டுப் பாடமாக எடுப்பது. 2018 ஆகஸ்டில் மரண தண்டனையை ஏற்கத்தகாதது என்று திருத்திய மறைக்கல்வி நூலின் எண் 2267ஐ, எதிர்க்கருத்து உள்ளவர்களையும் அழைத்து முழுநாள் பேசுவது. அன்பியத்துக்கு இருவர் வீதம் சமரசப் பயிற்சிக்கு அனுப்புவது. அந்த இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும், ஏனெனில் பெண்கள் வாய் திறந்து சொல்லும் பாதிக் காரியங்கள் ஆண் நடுவர் முன் வருவதே இல்லை.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ள முன்மொழியவும் வழிமொழியவும் பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்