பிரேக்கை எடுக்கும் ஊசி

ஆசிரியருக்கு வணக்கம்.

இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்புச் செல்களைக் கொண்டே புற்றுநோயைத் தாக்கும் சிகிச்சை) பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் மருந்துகளை ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் ஊசி’ என்று குறிப்பிட்டிருந்தீர்கள். அப்படி நம்பும் நோயாளி ஆபத்தை அடையாளம் காணத் தவறிவிடுவார் என்பதால் எழுதுகிறேன்.

நோயை எதிர்க்கும் வெள்ளையணுவான டி செல் தூண்டப்பட்டதும், தன்னை அடக்கும் பிரேக் போன்ற தடை ஏற்பிகளையும் மேற்பரப்பில் வளர்த்துக்கொள்கிறது. சிடிஎல்ஏ-4, பிடி-1 இரண்டும் அப்படிப்பட்டவை. டி செல்லைத் தூண்டும் ஏற்பியான சிடி28 பற்ற வேண்டிய, பிற செல்களில் உள்ள பி7 மூலக்கூறுகளை சிடிஎல்ஏ-4 அதைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். பிடி-1 பெரும்பாலும் கட்டிக்குள்ளேயே வேலை செய்வது. டி செல் சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமா என்ற சமிக்ஞைப் புரதம் பட்டதும் புற்றுச்செல் பிடி-எல்1 புரதத்தை வெளியே நீட்டுகிறது. அது பிடி-1ஐத் தொட்டால் டி செல்லின் சமிக்ஞை அணைந்துவிடும். இந்த ஊசிகள் சக்தியைக் கூட்டுவதில்லை; அந்தத் தொடர்பைத்தான் மறிக்கின்றன. ஜேம்ஸ் ஆலிசன், தசுக்கு ஹோஞ்சோ இருவருக்கும் 2018இல் நோபல் கிடைத்தது இந்தப் பிரேக்கைத் தளர்த்தும் வழிக்காகவே. உள்ளே டி செல்லே நுழையாத கட்டியில் பிரேக்கை எடுத்தும் வண்டி நகராது. கணையப் புற்றில் இவை பெரும்பாலும் தோற்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

இந்தத் தடைகள் உடம்புக்கு மிகவும் தேவையானவை. சிடிஎல்ஏ-4 மரபணு நீக்கப்பட்ட எலிகள் பிறந்த 3–4 வாரங்களிலேயே இறந்தன. அவற்றின் டி செல்களே உறுப்புகளுக்குள் புகுந்து அழித்துவிட்டன. பக்கவிளைவுகளும் இதே வழியில்தான் வருகின்றன: குடல், கல்லீரல், நுரையீரல், தைராய்டு, அரிதாக இதயத்தசை.

கட்டுரை தொடாமல் விட்டது வயிற்றுப்போக்கு. கீமோவால் வருவது என்று நினைத்து பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டிருந்தால் குடல் ஓட்டை விழும் அளவுக்குப் போகலாம். வழக்கத்தைவிட நாளுக்கு 4 முறையோ அதற்கு மேலோ கூடுதலாகப் போனாலோ ரத்தம் கலந்தாலோ ஊசியை நிறுத்திவைத்து, தீவிரத்தைப் பொறுத்து உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1–2 மி.கி. பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்குவார்கள். குணமானதும் சட்டென நிறுத்தினால் திரும்பி வரும். 4–6 வாரங்களில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். 3–5 நாளில் ஸ்டீராய்டு கேட்காவிட்டால் அழற்சியை அடக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்தின் பக்கம் போவது வழக்கம். தைராய்டு, கல்லீரல், சர்க்கரைப் பரிசோதனைகளை முதல் ஊசிக்கு முன்பே செய்துவைப்பது அவசியம். பின்னால் ஒப்பிட அடிப்படை அளவு வேண்டுமே.

கடைசி ஊசி முடிந்து பல மாதங்கள் கழித்தும் இந்தப் பக்கவிளைவுகள் தோன்றலாம். காய்ச்சல், மூச்சிரைப்பு, அசாதாரணச் சோர்வு என்று எந்த மருத்துவரிடம் போனாலும் இந்த ஊசி போட்டுக்கொண்டதை முதலிலேயே சொல்லுங்கள் என்று அடுத்த இதழிலாவது அச்சிட வேண்டுகிறேன்.

— புற்றுநோய் மருத்துவர், மதுரை