மேகத்துக்கு மாகாணம் தெரியாது

வானிலை அறிவிப்பை எழுதும் அதிகாரிகளுக்கும், அதை வானொலியில் வாசிப்பவர்களுக்கும், மலையகத்துத் தோட்ட நிர்வாகங்களுக்கும்,

வணக்கம்.

மே மாதத் தொடக்கத்தில் ஒரு நாள், மத்திய மாகாணத்தில் பிற்பகல் 2 மணிக்குப் பிறகு மழை பெய்யலாம் என்று காலைச் செய்தியில் வாசித்தார்கள். என் அண்ணி அதை நம்பினார். தலைக்குப் போடும் பொலித்தீனை, எங்கள் வரிசை வீடான லயத்தின் ஆணியிலேயே மாட்டிவிட்டு, படங்கை மட்டும் இடுப்பில் சுற்றிக்கொண்டு மலைக்குப் போனார். ஒன்பது மணிக்கே பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்து தேயிலை நிரைகளை மூடிவிட்டது. அதை மழை என்றும் சொல்ல முடியாது, தூறல் என்றும் சொல்ல முடியாது. ஆனால் தலைத்துணியைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும். கொழுந்து நனைந்தால், அதை நிறுக்கும் மடுவத்தில் ஈரத்துக்கென்று கிலோக் கணக்கில் கழிப்பார்கள். அன்று அவருக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழுந்தது.

அறிவிப்பு பொய் என்று நான் சொல்லவில்லை. மாத்தளைக்கும் ஹட்டனுக்கும் சேர்த்து ஒரே வாக்கியம் எழுதினால், எங்காவது ஓரிடத்தில் அது பலித்துத்தான் தீரும்.

தோட்டப் பாடசாலையில் புவியியல் கற்பித்தவன் நான். வகுப்பில் சொன்ன கணக்கையே உங்களிடமும் சொல்கிறேன், நீங்கள் அறியாததல்ல. மேலே ஏறும் காற்று ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் சுமார் 10 பாகை செல்சியஸ் குளிர்கிறது. ஓரளவு குளிர்ந்ததும் அதிலுள்ள நீராவி, கண்ணுக்குத் தெரியாத தூசியையும் கடல் உப்பையும் பற்றிக்கொண்டு துளியாகிறது. அந்த உயரம்தான் மேகத்தின் அடி. மேற்குக் கரையில் வெப்பம் 30 பாகை, பனிநிலை, அதாவது நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, 25 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று ஏறும்போது பனிநிலையும் சற்று இறங்குவதால், இடைவெளியில் ஒரு பாகைக்கு 125 மீற்றர் வீதம் கணக்கிட்டால், மேகத்தின் அடி 600 மீற்றரைச் சற்றுத் தாண்டி நிற்கும். ஹட்டனோ 1,200 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. கொழும்பில் அண்ணாந்து பார்த்து "மேகமூட்டம்" என்று எழுதுகிறீர்களே, அதற்குள்ளேதான் நாங்கள் கொழுந்து பறிக்கிறோம், அடுப்புக்கு மேலே துணி காயப்போடுகிறோம், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புகிறோம். எங்கள் ஊரில் அதன் பெயர் மூடுபனி. உங்கள் அறிவிப்பில் அதற்கு மணிக்கணக்கு கிடையாது.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பட்டிப்பொலவிலிருந்து ஒகியாவுக்கு ரயிலில் போய்ப் பாருங்கள். பாதையின் உச்சி 1,890 மீற்றருக்கும் மேலே. சுரங்கத்துக்குள் நுழையும்போது கண்ணாடியில் நீர் வழியும். வெளியே வந்தால் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். எல்லா நாளும் அப்படி என்று சொல்லமாட்டேன், ஆனால் பல முறை பார்த்திருக்கிறேன். வட்டவளையிலும் கினிகத்தேனையிலும் மழையைக் கொட்டிவிட்டு வருகிற காற்று, முகட்டைத் தாண்டி இறங்கும்போது மறுபடி சூடேறி வரண்டுவிடுகிறது. யூலை, ஓகஸ்டில் ஊவாத் தேயிலைக்கு மணமும் விலையும் கொடுப்பது அந்த வரண்ட காற்றுதான். மத்திய, ஊவா மாகாண எல்லையும் மேகத்தின் எல்லையும் ஒத்துப்போவதை அந்தச் சுரங்கத்தில்தான் கண்டேன், அதுவும் தற்செயலாக. டிசம்பரில் வடகீழ்க் காற்று வந்ததும் கதை தலைகீழாகிவிடும்: பதுளைப் பக்கம் நனையும், ஹட்டன் பக்கம் வெளுக்கும்.

ஆகவே மாகாணத்தை விட்டுவிட்டு, மலையின் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். மேற்குச் சரிவு, கிழக்குச் சரிவு, எத்தனை மீற்றருக்கு மேலே மேகம் தங்கும், காலையா மாலையா. இவ்வளவு சொன்னால் போதும். இதை மாவட்டம், மாநகரம் என்று இன்னும் நறுக்கித் தருவதால் பெரிய பயனில்லை. நுவரெலியா மாவட்டத்துக்குள்ளேயே, மலையின் வெவ்வேறு பக்கங்களில், வலப்பனையும் பொகவந்தலாவையும் இருக்கின்றன.

தோட்ட நிர்வாகங்களிடம் கேட்பது வேறு, அதைத்தான் அவசரமாகக் கேட்கிறேன். எங்கள் தோட்டத்தில் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஒரு மழைமானி நிற்கிறது. ஒவ்வொரு காலையும் ஒருவர் வந்து நீரை அளவுக் குழாயில் ஊற்றி, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, புத்தகத்தில் எழுதிவிட்டுப் போகிறார். அந்த எண் கந்தோர் அலுமாரிக்குள் போய்விடுகிறது. மண்சரிவு அபாயமுள்ள இடங்களில் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும், 150ஐத் தாண்டினால் வெளியேறியே ஆக வேண்டும் என்பதுதான் இந்நாட்டில் பின்பற்றும் அளவு. அதை அறியாத துரைமார் இல்லை. ஆனால் சரிவுக்குக் கீழே லயத்தில் படுத்திருப்பவருக்கு நேற்றிரவு பெய்தது 60ஆ 140ஆ என்று சொல்ல ஆளில்லை. தகரத்தில் விழும் சத்தத்தை வைத்து ஊகித்துக்கொள்கிறோம். 2014 ஒக்டோபர் 29 காலையில் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதை நாங்கள் மறக்கவில்லை.

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் கூடுகிறார்கள். அங்கே ஒரு பலகையில் முந்திய நாள் மழையை மில்லிமீற்றரில், தமிழில் எழுதுங்கள். அடைமழை நாட்களில் இரவிலும் ஒரு தடவை அளந்து, லயத்துக்கு ஆள் அனுப்புங்கள். செலவு என்று சொல்வீர்களானால், பலகையையும் வெண்கட்டியையும் நான் வாங்கித் தருகிறேன். எழுத ஆளில்லை என்றால் அதற்கும் வருகிறேன். வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து