பிசகு நோட்டை மூடச் சொல்கிறவர்களுக்கு: ஏற்காட்டு அணிக்கு ஒரு திறந்த மடல்

ஏற்காட்டு அணி நண்பர்கள் அனைவருக்கும் சேலத்திலிருந்து வணக்கம்.

போன வாரம் காப்பித்தூள் பொட்டலத்தோடு நீங்கள் கொடுத்தனுப்பிய தீர்மானம் கிடைத்தது. காப்பி அருமை. தீர்மானம்தான் தொண்டையில் இறங்கவில்லை.

இனி ரக்பி ஆட்டங்களுக்கு ஸ்கோரைக் கணிக்க வேண்டாம், எந்த நாடு ஜெயிக்கும் என்று மட்டும் சொன்னால் போதும் என்கிறீர்கள். ஸ்கோர் வெறும் அதிர்ஷ்டமாம். கடைசி இரண்டு முறையும் தோற்றது நீங்கள்தான் என்பதை நான் சொல்லிக்காட்டுவதாக இல்லை. எழுதிவிட்டேன், இருந்துவிட்டுப் போகட்டும்.

நம் இரண்டு ஊர்களும் ஆடும் இந்தக் கணிப்புப் போட்டிக்கு விதியை வகுத்தவர் டர்பனில் பதினோரு ஆண்டு வேலை பார்த்துவிட்டு அம்மாப்பேட்டைக்குத் திரும்பிய அண்ணன். ஆட்டம் தொடங்குமுன் இரண்டு அணிகளின் புள்ளிகளையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வோர் அணிக்கும் எத்தனை புள்ளி தள்ளிப்போனோமோ அத்தனை பிசகு. ஜெயித்த அணியையே மாற்றிச் சொன்னவருக்கு மேலும் 20. பிசகு குறைந்த ஊருக்குத் தோற்ற ஊர் விருந்து வைக்கும். நோட்டு என் வீட்டு அலமாரியில், ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அதிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். 2023 உலகக்கோப்பை இறுதி ஆட்டம், பாரிஸில். நமக்கு அக்டோபர் 29, நள்ளிரவு 12.30. டர்பன் அண்ணன் புண்ணியத்தில் சேலம் முழுக்கத் தென்னாப்பிரிக்கா பக்கம். பேரப்பிள்ளைகள் ஆக்லாந்தில் இருப்பதால் உங்கள் பெரியவர் நியூசிலாந்து பக்கம், அவர் பின்னால் நீங்கள் எல்லோரும். நான் கொடுத்தது தென்னாப்பிரிக்கா 34, நியூசிலாந்து 10. கொழுப்புதான், ஒப்புக்கொள்கிறேன். உங்கள் பெரியவர் என்ன கொடுத்தார், நினைவிருக்கிறதா? தென்னாப்பிரிக்கா 13, நியூசிலாந்து 10. மனசு ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம் என்று சொந்த அணிக்கு எதிராகவே எழுதினார்.

முடிவு 12–11. தென்னாப்பிரிக்கா ஒரு ட்ரைகூட, அதாவது எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பதைக்கூட, போடவில்லை. எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் பெனால்டி உதைதான் நான்கு, நான்கையும் உதைத்தவர் ஹண்ட்ரே போலார்ட். நியூசிலாந்துத் தலைவர் சாம் கேனுக்குச் சிவப்பு அட்டை. பதினான்கு பேரோடு ஆடியும் பியூடன் பாரெட் ஒரு ட்ரை போட்டார். ட்ரைக்குப் பின் கிடைக்கும் கூடுதல் உதையான கன்வர்ஷன் கம்பங்களை விட்டு விலகிப் போனது. கடைசிப் பத்து நிமிடத்துக்குள் ஜோர்டி பாரெட் வெகு தூரத்திலிருந்து உதைத்த பெனால்டியும் விலகியது. பெரியவருக்குப் பிசகு 2. எனக்கு 23. நீங்கள் கேட்கும் புது விதிப்படி அவருக்கும் எனக்கும் அன்று ஒரே மதிப்பு. இது நியாயமா? உங்கள் ஊர்க்காரருக்காகச் சேலத்திலிருந்து நான் வாதாட வேண்டியிருக்கிறது பாருங்கள்.

அந்த உலகக்கோப்பையில் தென்னாப்பிரிக்கா பிரான்சை 29–28 என்றும் இங்கிலாந்தை 16–15 என்றும் வென்றுதான் இறுதிக்கே வந்தது. மூன்றிலும் ஒற்றைப் புள்ளி. ‘தென்னாப்பிரிக்கா’ என்ற ஒரே சொல்லை மூன்று முறை எழுதிவிட்டுத் தூங்கப் போனவன் என்ன ஆட்டத்தைப் பார்த்தான்?

ரக்பி ஸ்கோர் லாட்டரி எண் அல்ல. ட்ரைக்கு 5, கன்வர்ஷனுக்கு 2, பெனால்டிக்கும், ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் விட்டு எழும்பும்போது உதைக்கும் டிராப் கோலுக்கும் 3. பன்னிரண்டு என்று எழுதுகிறவர் நான்கு பெனால்டியை நினைக்கிறாரா, இரண்டு ட்ரையும் ஒரு கன்வர்ஷனுமா என்று கேட்டால், புல் ஈரமா காய்ந்ததா என்பதுவரை பேச்சு போகும். ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய மூன்றும் எந்த அணியும் எடுக்கவே முடியாத புள்ளிகள். உங்கள் பெரியவர் ஒருமுறை நான்கு என்று கொடுத்து நாங்கள் சிரித்தபோது, “நான் பார்த்த காலத்தில் ட்ரைக்கு நாலுதான்” என்று அதட்டினார். 1971 முதல் 1992 வரை அப்படித்தான் இருந்தது. சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டோம். பிசகைக் குறைக்கவில்லை.

இன்னொன்று. 2024 பிப்ரவரியில் பிரான்சும் இத்தாலியும் மோதிய ஆட்டத்தில், கடைசி உதைக்கு இத்தாலியின் கார்பீசி தயாரானபோது நிறுத்தி வைத்த பந்து சரிந்து விழுந்தது. அவசரமாக எடுத்து வைத்து உதைத்தார். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. 13–13. ஜெயிப்பவரை மட்டும் எழுதும் விளையாட்டில் அந்த இரவு எல்லோருக்கும் பூஜ்யம். நம் நோட்டிலோ, என்றைக்கும் இத்தாலியை விட்டுக்கொடுக்காத உங்கள் எஸ்டேட் அக்கா 16–15 என்று கொடுத்து, பிசகு 5 மட்டுமே வாங்கினார். சமனுக்கு அந்த 20 உண்டா இல்லையா என்று விடியும்வரை தொலைபேசியில் சண்டை போட்டோமே, அதையும் சேர்த்தா ஒழிக்கப் போகிறீர்கள்?

விருந்து பற்றிய புகாரை மட்டும் ஏற்கிறேன். நாங்கள் தோற்ற ஆண்டில் இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வந்த தட்டுவடை செட், பனியில் நமத்து அப்பளம்போல் வளைந்தது உண்மை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நம் தம்பிதான் வீட்டிலேயே அடுக்கிக் கட்டிவிட்டார். இனித் தட்டைகள் மூடி இறுகிய டப்பாவில் தனியே வரும். துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், இரண்டு சட்னி எல்லாம் தனித்தனி. ஏரிக்கரையில் உட்கார்ந்து அடுக்கிக்கொள்ளலாம்.

மலையில் மின்சாரமும் சிக்னலும் போகும் இரவுகளுக்காக ஒரு சலுகையும் தருகிறேன். ஆட்டம் தொடங்கிய பிறகும் முதல் புள்ளி விழும்வரை உங்கள் கணிப்பை ஏற்போம். ஸ்கோரோடு வந்தால் மட்டும்.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் நோட்டோடு வருகிறேன். பெரியவரை நிறுத்தத்துக்கு வரச் சொல்லுங்கள். 12–11 பக்கத்தில் அவர் கையெழுத்து இன்னும் பாக்கி.

இப்படிக்கு,
பிசகில் சேலத்துக் கடைசி ஆள்