கல் விழ மழை வேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் சுற்றுலாப் பக்கத்தில், மகாராஷ்டிரத்தின் சஹ்யாத்ரி (மேற்குத் தொடர்ச்சி) மலையில் உள்ள ஹரிச்சந்திரகட் கோட்டை பற்றிய கட்டுரை படித்தேன். படங்கள் அருமை. ஆனால் அதில் ஒரு வரி: 'மழை ஓய்ந்துவிட்டால் சஹ்யாத்ரியில் பாறை விழும் பயம் இல்லை, தாராளமாகப் போய் வரலாம்.' இரண்டு நாளாக அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை.

என் தம்பி மகன் மேல் கல் விழுந்தது டிசம்பரில். மழை போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. கல்யாணில் எஸ்.டி. (அரசு) பஸ் பிடித்துப் போய், பேல்பாடா கிராமத்திலிருந்து அதே கோட்டைக்கு 'நளிச்சி வாட்' வழியாக ஏறினோம். வழி என்று பெயர்தான். மழைக்காலத்தில் தண்ணீர் இறங்கும் செங்குத்தான ஓடை அது, முழுக்க உருண்டு கிடக்கும் கற்கள். எங்கள் கூட்டத்தில் 45 பேர். மேலே போன யாரோ கால் வைத்த கல் புரண்டது. "தகட்! தகட்!" என்று மராட்டியில் கத்தினார்கள். கல் வருகிறது என்று அர்த்தம். இவன் என்னவென்று நிமிர்ந்து பார்த்தான். பார்க்கக் கூடாது, தலையைக் குனிந்து பாறையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தேங்காய் அளவுக் கல், ஒரு பாறையில் பட்டுத் தெறித்து வந்தது. தலைக்கு வந்தது தோளோடு போயிற்று. காரை எலும்பு முறிந்து சட்டைக்குள் மேடாகத் தெரிந்தது. 45 பேருக்கு ஏற்பாட்டாளர்கள் கொண்டுவந்த ஹெல்மெட் ஆறு. ஆறும் அவர்களுடைய ஆட்களின் தலையில் இருந்தன. ஊர்க்காரர்கள்தான் மூங்கிலில் போர்வை கட்டி அவனைத் தூக்கி வந்தார்கள்.

உங்களுக்குத் தெரியாததில்லை, இந்த மலை எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக இறுகிய கரும்பாறை. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுப் பழசு, உடம்பெல்லாம் வெடிப்பு. மழையில் தண்ணீர் இறங்கி வெடிப்பைப் பெரிதாக்குகிறது. அப்புறம் புல் காய்ந்து, அது பிடித்து வைத்திருந்த கல்லெல்லாம் தளர்ந்துவிடும். மேலே ஒரு குரங்கு ஓடினால் போதும். 30 மீட்டரிலிருந்து நேராக விழும் கல் கீழே வரும்போது மணிக்கு ஏறத்தாழ 85 கிலோமீட்டர் வேகம். இதற்கு மழை எதற்கு?

இரண்டு வருஷத்துக்கு முன்பே இதைப் பற்றி உங்களுக்கு எழுதினேன். பிரசுரமாகவில்லை, சரி. ஆனால் அதே மாதம் இப்படி மலையேறக் கூட்டம் சேர்க்கும் ஏற்பாட்டாளர் ஒருவருக்கு முழுப்பக்க விளம்பரம் வந்திருந்தது. 2023 ஜூலை 19 இரவு, இர்ஷால்கட் கோட்டை மலைச்சரிவில் இருந்த இர்ஷால்வாடி கிராமம் நிலச்சரிவில் புதைந்தபோது 27 உடல்கள் கிடைத்தன, 57 பேரைக் காணவில்லை என்று நான்காம் நாள் தேடலை நிறுத்தினார்கள். உங்கள் இதழில் வந்தது அரைப் பத்தி. இர்ஷால்கட் ஏறும்போதெல்லாம் அந்த ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்தவள் நான். மும்பைத் தமிழர் என்றால் உங்களுக்குத் தாராவியும் மாட்டுங்கா கோயிலும்தான் நினைவுக்கு வருகின்றன. ஞாயிறு விடியலில் மலைப் பக்கம் போகும் கசாரா, கர்ஜத் லோக்கல் ரயில்களில் பை மாட்டிக்கொண்டு நிற்கிற எங்கள் வீட்டுப் பிள்ளைகள் உங்கள் கண்ணில் படுவதே இல்லை. முப்பது வருஷ வாசகி என்பதால் மனம் விட்டுச் சொல்கிறேன், வலிக்கிறது.

நான் கேட்பது நான்கு வரிதான். அந்த வாக்கியம் தவறு என்று போடுங்கள். ஓடை வழியில் ஹெல்மெட் இல்லாமல் ஏறக் கூடாது, முன்னால் போகிறவர்கள் கடந்து முடிக்கும் வரை மற்றவர்கள் ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும், பாறைக்கு நேர் கீழே உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று சேர்த்துப் போடுங்கள்.

என் தங்கை மருமகன் உங்கள் கட்டுரையைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார். மழைதான் இல்லையே, டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை போகலாமா என்று கேட்கிறார். அதற்குள் திருத்தம் வந்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
டோம்பிவிலி கிழக்கு