தட்டின் அடிப்பக்கத்தையும் காட்டுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த ஆப்பிரிக்க மரச்செதுக்குக் கட்டுரை நன்றாக இருந்தது, ஆனால் முகமூடிகளோடு முடிந்துவிட்டது. தெற்கே ஜூலு, ஸ்வாசி போன்ற ங்குனி மக்கள் அன்றாடம் புழங்கிய பொருள்களிலேயே எத்தனை அழகு!

ஜூலுக்களின் பால் கறக்கும் பாத்திரத்தை, 'இதுங்கா' என்பார்கள், ஒரே மரத்துண்டைக் குடைந்து எடுப்பார்கள். இரு பக்கமும் புடைப்பாகச் செதுக்கியிருப்பது வெறும் அலங்காரமில்லை, முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு கறக்கும்போது அது வழுக்காமல் பிடிக்கும். பலாக்காய்த் தோல்போல வரிசை வரிசையாக எழும்பி நிற்கும் சின்னச் சின்னப் புள்ளிகளுக்கு 'அமாசும்பா' என்று பெயர், அதாவது மரு. தலையணைபோல வைத்துப் படுக்கும் தலைக்கட்டைகளிலும் இதைப் பார்க்கலாம். ஸ்வாசித் தலைக்கட்டையின் கால்களிலோ நெருக்கமான நேர்வரிகள் ஓடும்.

அப்புறம் இறைச்சித் தட்டு. அதன் வேலைப்பாடு பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான், ஏனென்றால் சாப்பிடாத நேரத்தில் அந்தப் பக்கம் தெரியும்படிதான் வைப்பார்கள். மேலிருந்து எடுத்த படத்தில் வெறும் பலகைதான் தெரியும். அடுத்தமுறை தட்டைக் கவிழ்த்து வைத்து எடுத்த படமாகப் போடுங்கள், ப்ளீஸ்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்