மண்டப எதிரொலி வேலை: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர் எல்லாருக்கும் கமிட்டியோட வணக்கம். மண்டபத்துல எதிரொலி அடக்குற வேலை முடிஞ்சு மைக் டெஸ்டும் பாத்தாச்சு. ஆடியில முகூர்த்தம் இல்லன்னு அப்ப ஆரம்பிச்சது, அழகர்கோயில் ஆடித் தேருக்கு கார்பெண்டர் ஆளுக கிளம்பிட்டதால நடுவுல கொஞ்சம் இழுத்துருச்சு. வரவு செலவு நோட்டு கோயில் ஆபீஸ்ல இருக்கு, யாரு வேணா பாத்துக்கலாம். ஆனா எதிரொலிக்காக செவுத்துல அடிச்ச பலகையப் பாத்துட்டு எல்லாரும் கேக்குறது "ஓட்டை போட்ட பலகைக்கா இம்புட்டு காசு"ன்னுதான், அதனால அதை மட்டும் விவரமா சொல்லிடுறோம்.

நம்ம மண்டபத்துல கீழ கிரானைட்டு, மேல காங்கிரீட்டு, சுத்தி சிமெண்ட் சுவரு, சத்தம் எங்க பட்டாலும் அப்படியே திரும்பி வந்துரும். கல்யாணத்தன்னைக்கு கூட்டம் நெரியும்போது அம்புட்டா தெரியாது, ஏன்னா மனுச உடம்பும் துணிமணியும் நல்லாவே சத்தத்தை உறிஞ்சும், காலி மண்டபத்துல பொதுக்குழு போட்டாத்தான் தலைவர் பேசுறது தலைவருக்கே வெளங்காது (அதுவும் நல்லதுக்குத்தான்னு சிலபேரு சொன்னாங்க). 1895 வாக்குல சாபின்னு ஒரு புரொபசர் அமெரிக்காவுல ஹார்வர்டுல இதே தொல்லை இருந்த லெக்சர் ஹாலுக்குள்ள சீட்டு மெத்தைகளை கொண்டுவந்து அடுக்கி அடுக்கி அளந்து, ஹால் பெருசானா எதிரொலி நீளும், உறிஞ்சுற பரப்பு கூடுனா குறையும்னு கணக்கு போட்டாரு, இன்னைக்கும் அதான் ஓடுது.

முட்டை அட்டை, தெர்மாகோல் ஒட்டுனா போதாதான்னு கேக்கலாம். முட்டை அட்டை ஒட்டுனா கீச்சு சத்தம் லேசா குறையும், 'தம்'முன்னு வர்ற தாழ்ந்த சத்தம் அசையாது. தெர்மாகோல்ல காத்தே உள்ள போகாது, அப்புறம் எங்க உறிஞ்ச, தீப்பிடிச்சா வேற வம்பு.

இப்ப பலகைக்கு வருவோம். 12 மி.மீ. பலகை, 8 மி.மீ. ஓட்டை, மொத்த பரப்புல நூத்துக்கு 5 பங்குதான் ஓட்டை, பின்னாடி 10 செ.மீ. இடைவெளி, அதுல ராக்வூல் (கல்லை உருக்கி இழுத்த பஞ்சு). காலி சோடா பாட்டில் வாயில ஊதுனா ஒரே ஸ்வரம் வரும்ல, அதே சங்கதிதான், ஓட்டைக்குள்ள இருக்கிற காத்து எடையாட்டம் ஆடும், பின்னாடி காத்து ஸ்பிரிங்காட்டம் தள்ளும், சுமார் 290 ஹெர்ட்ஸ் (அதாவது செகண்டுக்கு 290 ஆட்டம்) கிட்ட ரெண்டும் ஒத்து ஆடும்போது சத்தம் ராக்வூல்ல உரசி சூடா மாறிடும். இடைவெளிய பாதியாக்குனா அது 400க்கு ஏறிரும், தாழ்ந்த சத்தம் தப்பிச்சிரும், அதனாலதான் "செவுத்தோட ஒட்டி அடிங்க, எடம் மிச்சமாகும்"னு சொன்னவங்க பேச்சை நாங்க கேக்கல.

நம்ம ஊரு இன்ஜினியரிங் பசங்க இன்னொண்ணும் காட்டுனாங்க. 2000-ல ஹாங்காங்ல ஈயக் குண்டுகளுக்கு சிலிக்கான் ரப்பர் போர்த்தி எபாக்ஸி பிசின்ல ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியில பதிச்சு, காத்துல 85 செ.மீ. நீளம் வர்ற 400 ஹெர்ட்ஸ் அலைய மறிச்சிருக்காங்க. இப்படி உள்ளமைப்பாலயே அலைய மறிக்கிற பொருளுக்கு மெட்டாமெட்டீரியல்னு பேரு. ஜெனரேட்டர் ரூமுக்கு ஆசையாத்தான் இருக்கு, ஆனா கடையில கிடைக்கிற சரக்கு இல்ல.

பக்கத்துத் தெருக்காரங்களுக்கு ஒரு வார்த்தை: வெளிய போற சத்தம் இதுல குறையாது. அதுக்கு கனமான செவுரும் காத்து புகாத கதவும் வேணும், அது வேற பட்ஜெட்.

பெயிண்டர் பட்டி பாக்க கரண்டிய எடுத்து ரெண்டு ஓட்டைய அடைச்ச பிறகுதான் பாத்தோம், குச்சி வச்சு குத்தி எடுத்தாச்சு. பலகை மேல பிளெக்ஸ் ஒட்டக்கூடாதுன்னு ஆவணிக்கு புக் பண்ணவங்க டெகரேஷன் ஆளுககிட்ட சொல்லிருங்க. உபயம் பேரும் பலகையில எழுத முடியாது, எல்லார் பேரும் கீழ் சட்டத்துல வரும், எழுத்து சின்னதா இருக்குன்னு யாரும் கோவிச்சுக்க வேணாம்.